பத்தொன்பதாம் இதழின் கடைசிக் கட்டம்

மீரட்டில், பருத்தி மில்லுக்குப் பின்னால் இருந்த அச்சகத்தில்
நான் நிறக்காரி.
ஷகுஃப்தா என்று என்னை அழைத்தது
சம்பளப் பதிவேடு மட்டும்.
மஞ்சளுக்கு ஒரு தாள், சிவப்புக்கு ஒரு தாள், நீலத்துக்கு ஒரு தாள்.
கறுப்பு, ஓவியர் ஹர்சரண் பட்நாகருடையது.
மூன்றும் கறுப்பின் மேல் சரியாக உட்கார்ந்தால் மனிதன்;
கொஞ்சம் பிசகினால், தோலுக்கு வெளியே நிற்கும் சிவப்பு.

எங்கள் நாயகன் பிச்சல்வீர்.
அரசமரத்துச் சுடைல்பேய் ஒருத்திக்கும்
முகல்சராய் பாயிண்ட்ஸ்மேன் ஒருவனுக்கும் பிறந்தவன்.
தாயைப் போலவே
குதிகால் முன்னே, விரல்கள் பின்னே.
பகலில் காசியில் டெலிபோன் லைன்மேன்,
பெரிய பூட்ஸுக்குள் செய்தித்தாள் திணித்துக் காலை ஒளிப்பான்.
இரவில் பூட்ஸைக் கழற்றினால் போதும்.
தடம் பார்த்துத் துரத்துகிறவர்கள்
அவன் புறப்பட்ட இடத்துக்கே போய்ச் சேர்வார்கள்.
தன்பாத் நிலக்கரிக் கள்ளன் துர்ஜன் சேட்,
ஹெலிகாப்டர், வயர்லெஸ், லேசர் துப்பாக்கி எல்லாம் இருந்தும்
மாதாமாதம் அந்த ஆளில்லாத டெலிபோன் கம்பத்தடியில்
மூச்சிரைக்க வந்து நிற்பான்.
விலை ஒன்றரை ரூபாய்.

பதினோராம் இதழ், இருபத்து மூன்றாம் பக்கம்.
ஹர்சரணுக்கு அன்று காய்ச்சல்,
காலை நேராக வரைந்துவிட்டார்.
நேரான காலுக்கே நான் சதை நிறம் பூசினேன்.
கதை எழுதும் மிஸ்ராஜி பார்க்கவில்லை,
முதலாளி பார்க்கவில்லை,
கட்டிஹாரிலிருந்து ஒரு போஸ்ட் கார்டு பார்த்தது.

"இருபத்து மூன்றில் வருகிறவன் யார்?
இவனை இவன் அம்மாவுக்கே அடையாளம் தெரியாது.
தபரேஸ், ஆறாம் வகுப்பு, ஆ பிரிவு."

மிஸ்ராஜி பீடியை மேசைவிளிம்பில் அணைத்தார்.
வருந்துகிறோம் என்று நாலு வரி போட்டிருக்கலாம்.
போடவில்லை. அடுத்த இதழில் ஒரு போலி பிறந்தான்:
அதே முகம், அதே முண்டாசு, கால் மட்டும் நேர்.
சேட் காசு கொடுத்துச் செய்தெடுத்த ஆள்,
இருபத்து மூன்றாம் பக்கத்திலேயே நுழைந்துவிட்டானாம்,
நாங்கள்தான் கவனிக்கவில்லையாம்.
அந்தப் பிழை எட்டு மாதம் எங்களுக்குச் சோறு போட்டது.

பிறகு பத்தொன்பது.
கடைசிக் கட்டம் முழுப் பக்கம், ஆள் இல்லை.
இருவரும் பாலத்தில் கட்டிப் புரண்ட இரவுக்கு மறுநாள் விடியல்.
கங்கை மணல்.
தண்ணீரிலிருந்து கரையைப் பார்த்து
ஒற்றை வரிசையில் காலடிகள்.
போலியுடையவை என்றால், பிழைத்துக் கரையேறிவிட்டான்.
நம்மவனுடையவை என்றால்
ஆற்றுக்குள் போயிருக்கிறான்.
கீழே பொடி எழுத்தில்: தொடரும்.

தொடரவில்லை.
காகித விலை ஏறியது.
கல்யாணப் பத்திரிகையில் லாபம் என்று முதலாளி கண்டுகொண்டார்.
இருபதாம் இதழைத் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு
ஹாப்புட் பஸ்ஸில், ஜன்னலோர இருக்கையில்
மிஸ்ராஜி போய்விட்டார்; கண்டக்டர் தூங்குகிறார் என்று நினைத்தாராம்.
விற்காத கட்டுகள் எடைக்குப் போயின,
துர்ஜன் சேட் தலைகீழாய்க் கடலை சுமந்தான்.

அதற்கும் பிறகு வந்தது கட்டிஹார் கார்டு.
"போனானா, வந்தானா?
அதை மட்டும் சொல்லுங்கள்,
மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்."

எனக்குத் தெரியும்.
யாரும் சொல்லித் தெரிந்ததல்ல, நான் முடிவு செய்தது.
ஈர மணலில் ஆள் எந்தப் பக்கம் நகர்ந்தானோ
அந்தப் பக்கம்தான் தடத்தில் தண்ணீர் தேங்கும் என்று வைத்துக்கொண்டு
நீலத் தாளில், ஒரே ஒரு தடத்துக்கு
ஒரு சொட்டு வைத்திருந்தேன்,
குதிகாலிலா விரலிலா என்று ஹர்சரணிடமும் மூச்சுவிடாமல்.
மிஷினில் தாள் நழுவியது.
எல்லாப் பிரதியிலும் அந்தச் சொட்டு
தடத்துக்கு வெளியே, வெறும் மணலில்
கிளிஞ்சல் மாதிரிக் கிடந்தது.

பதினைந்து பைசா கார்டு வாங்கினேன்.
கதை எழுதத் தெரியாதவள் என்ன எழுதுவேன்?

"தம்பி தபரேஸுக்கு,
கரையிலிருந்து எண்ணினால் ஐந்தாவது தடம்.
பக்கத்தில் கிடப்பது கிளிஞ்சல் இல்லை.
அதை அரை நூல்
இடது பக்கம் நகர்த்திப் பார்."